பழைய டர்போ காருக்கு எந்த சிப்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், டிஎன் 74 பதிவு. நம் பக்கத்தில் யாராவது பழைய ஆக்டேவியா டர்போவை வாங்கினால், எங்கே சுற்றியாவது என்னிடம் வந்துவிடுகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த சிப் போடலாம்?" இன்ஜினை ஆட்டிவைக்கும் கணினியின் கணக்கை மாற்றிச் சக்தி கூட்டுவதைத்தான் சிப் போடுவது என்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இந்த இன்ஜின்மேல் எனக்குப் பிரியம் அதிகம். அவசரத்தில் போட்ட சிப்பால் ஒரு பிஸ்டன் ஓட்டையாகிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

உண்மையிலேயே ஒரு சிப்பைக் கழற்றி வேறு சிப் மாட்டுவார்களா?

1980களில் அப்படித்தான். அமெரிக்காவின் 1987 மாடல் பியூக் கிராண்ட் நேஷனல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 3.8 லிட்டர் வி6 டர்போ, 245 குதிரைத்திறன். அந்த இன்ஜினை ஆட்டிவைத்த மொத்தக் கணக்கும் 4 கிலோபைட் கொள்ளும் ஒரு சின்னச் சிப்பில் அடங்கியிருந்தது. அதற்கு வெளியில் விற்ற மாற்றுச் சிப்களின் முதுகில் ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். புற ஊதா ஒளி பட்டால் எழுதியது அழிந்துவிடும் என்பதால் ஜன்னல்மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அதில் எந்தப் பெட்ரோலுக்கான சிப் என்று பேனாவால் எழுதி வைப்பார்கள். பெட்டியைத் திறப்பார்கள், பழையதைப் பிடுங்குவார்கள், புதியதை அதே சாக்கெட்டில் அமுக்கி உட்கார வைப்பார்கள்.

நம் ஆக்டேவியாவில் இருப்பது பாஷ் மோட்ரானிக் எம்.இ. 7.5 என்ற இன்ஜின் கணினி. அதிலும் சிப் உண்டு, 1 மெகாபைட் ஃபிளாஷ். ஆனால் அது போர்டில் ஈயம் வைத்து ஒட்டியது. அதைக் கழற்றுவதில்லை, உள்ளே இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். வேலையின் சரியான பெயர் ரீமேப். 'சிப் போடுறது' என்ற பேச்சு மட்டும் பழைய காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்த பியூக் ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டு அவர்கள் சிப் வாங்கவில்லை. வண்டியில் ஊற்றும் பெட்ரோலின் ஆக்டேன் (அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் எண்) எவ்வளவு, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் எந்த அளவு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நம் ஊரில் கேள்வி தலைகீழாக வருகிறது. முதலில் "எவ்வளவு ஏறும்?" என்கிறார்கள், பெட்ரோல் பேச்சு கடைசியில்தான்.

அப்படியானால் எனக்கு எந்த சிப் சரி?

நீங்கள் வழக்கமாக ஊற்றும் பெட்ரோலுக்கு ஏற்றது என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஒரு வருஷத்தில் உங்கள் டேங்குக்குள் போகக்கூடிய மிக மோசமான பெட்ரோலுக்கு ஏற்றது. சனிக்கிழமை நாகர்கோவிலில் நூறு ஆக்டேன் ஊற்றுவீர்கள், சரி. செவ்வாய்க்கிழமை ராத்திரி குலசேகரத்திலோ கருங்கலிலோ ரிசர்வ் விளக்கு எரிந்தால், திறந்திருக்கும் பங்கில் கிடைப்பதைத்தான் ஊற்றுவீர்கள். வண்டியை மனைவியோ மகனோ எடுத்துப் போனால் அவர்களும் அப்படித்தான். சிப் அன்றைக்கும் தாங்க வேண்டும்.

விவரம் இதுதான். பிஎஸ்6 சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ஆக்டேன் 91. இப்போது பங்குகளில் வரும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, அதன் தரக்குறிப்பில் 95. இதற்கு மேலே எக்ஸ்பி 100, பவர் 99 போன்ற விலைகூடிய ரகங்கள் உண்டு. எக்ஸ்பி 100 நம் நாட்டில் வந்தது 2020 டிசம்பரில். அவை எல்லா பங்கிலும் கிடைக்காது, கிடைக்கும் பங்கிலும் எல்லா நாளும் இருக்காது.

ஐரோப்பாவிலிருந்து வரும் பல ரீமேப் ஃபைல்கள் 98 ஆக்டேனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதை அப்படியே இங்கே ஏற்றினால் தீப்பொறி வரும் நேரமும் பூஸ்ட்டும் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) நம் பெட்ரோலுக்கு அதிகம். ரீமேப் எழுதும் ட்யூனரிடம் "95க்கு எழுதித் தாருங்கள், 91 விழுந்தாலும் தாங்குகிற மாதிரி கொஞ்சம் விட்டு எழுதுங்கள்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டதும் முகம் சுளிக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

சிப் உள்ளே அப்படி என்னதான் மாற்றுகிறது?

இந்தக் காரில் ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. நீங்கள் மிதிக்கும்போது "இவ்வளவு இழுவை வேண்டும்" என்ற கோரிக்கை மட்டும்தான் கணினிக்குப் போகிறது. எவ்வளவு காற்று, எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு பெட்ரோல், பிளக் எந்த டிகிரியில் தீப்பொறி விட வேண்டும் என்பதைக் கணினி அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்கிறது. நல்ல ரீமேப் என்பது இவை எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி திருத்துவது. பூஸ்ட் அட்டவணையை மட்டும் உயர்த்திவிட்டு இழுவை வரம்பை அப்படியே விட்டால், கணினி ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கிக்கொள்ளும். வண்டி உலுக்கி உலுக்கி ஓடும்.

நாக்கிங் என்கிறார்களே, அது என்ன? ஏன் இவ்வளவு பயப்படுகிறீர்கள்?

பிளக் தீ மூட்டிய பிறகு, தீ பரவி வந்து சேர்வதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே படக்கென்று வெடித்துவிடுவதுதான் நாக்கிங். தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி கேட்கும். ஆனால் கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு ஓட்டினால் உங்களுக்குக் கேட்கவே கேட்காது. டர்போ இன்ஜினில் அழுத்தம் கூடுதல் என்பதால் அடியும் கூடுதல். முதலில் போவது பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய விளிம்பு.

இன்ஜினில் நாக் சென்சார் இருக்கிறது. நாக்கிங் கேட்டதும் அந்த சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளும். எத்தனை டிகிரி தள்ளியது என்பதை கணினியில் செருகும் ஸ்கேனர் வழியாக அளவுத் தொகுதி 020 என்ற பக்கத்தில் நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம். நான் ஒரு வண்டியைப் பார்க்க உட்கார்ந்தால் முதலில் திறப்பது இந்தத் தொகுதியைத்தான்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் ஃபைலை வெளியூர் வொர்க்‌ஷாப் ஒன்றில் ஏற்றினேன். "நம்ம பெட்ரோலுக்கு எழுதினதுதான் சார்" என்றார்கள். வீடு வந்து சேரும்வரை எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை, அப்படி இழுத்தது. மறுநாள் சாயங்காலம் நண்பன் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார, தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி பக்கம் போனோம். மூன்றாவது கியர், 2,500 சுழற்சியிலிருந்து மிதித்தேன். இரண்டு கிலோமீட்டருக்குள் மூன்றாவது சிலிண்டரில் 6, பிறகு 9, பிறகு 12 டிகிரி. 12 என்பது கணினி தள்ளக்கூடிய எல்லை. அதற்கு மேல் அதால் காப்பாற்ற முடியாது. என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. நண்பன் "நிறுத்துடே" என்றான். காலை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அந்த எண்ணைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த இன்ஜின் இன்றைக்கு இருந்திருக்காது.

என் கணக்கு: 3, 4 டிகிரி அவ்வப்போது வந்து போனால் பரவாயில்லை. ஒரே சிலிண்டரில் 6க்கு மேல் நின்றால் அந்த ஃபைல் உங்கள் பெட்ரோலுக்கு அதிகம். இல்லையென்றால் அந்தப் பிளக்கிலோ இன்ஜெக்டரிலோ வேறு கோளாறு.

இந்தச் சோதனைக்கு வேகம் தேவையில்லை. மூன்றாவது கியரில் 4,500 சுழற்சி வந்தாலே மணிக்கு 100 கிலோமீட்டரை நெருங்கிவிடும். ஆடி மாதத்தில் முப்பந்தல் கணவாயில் வீசும் பக்கக் காற்று லாரியையே அசைக்கும், அந்த நாட்களில் அங்கே சோதனை வேண்டாம்.

இ20 பெட்ரோல் வந்த பிறகு பழைய சிப் சரிப்படுமா?

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எத்தனால் நாக்கிங்கைத் தள்ளிப்போடும், ஆவியாகும்போது காற்றையும் குளிர வைக்கும். அந்த வகையில் டர்போவுக்கு அது நண்பன்தான். ஆனால் அதற்கு அளவு கூடுதலாகத் தேவை. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று. எத்தனாலுக்கு 9தான். 20 சதவீதம் கலந்தால் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு ஏறத்தாழ 8 சதவீதம் அதிகமாக எரிபொருள் ஊற்ற வேண்டும்.

கணினி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இதைத் தானே கற்றுக்கொள்ளும். கற்றது எவ்வளவு என்பது தொகுதி 032இல் தெரியும். இ20இல் ஓடும் ஆரோக்கியமான வண்டியில் இரண்டாவது எண் 5 முதல் 8 வரை கூட்டலில் நிற்பதில் எனக்குக் கவலையில்லை. 15க்குப் போய்விட்டது என்றால் எத்தனாலைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கோ காற்றுக் கசிவு, அல்லது காற்றளவு சென்சார் கண் மங்கிவிட்டது, அல்லது பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டது. அதைச் சரி செய்யாமல் சிப் ஏற்றினால், அதிகம் தேவைப்படும் நேரத்தில் ஊற்றுவதற்குப் பெட்ரோல் இருக்காது.

2005 வண்டி இ20க்காகச் செய்ததில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிட்டுத்தான் மற்ற பேச்சு.

நான் துபாயில். வண்டி வருஷத்தில் பதினோரு மாதம் ஷெட்டில் நிற்கிறது. லீவில் வரும்போது சிப் போடலாமா?

நம் மாவட்டத்தில் இந்த நிலைமை நிறையப் பேருக்கு. லீவின் முதல் வாரம் சிப்பைப் பற்றி நினைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் காற்றோ கடல் காற்று. பாதி டேங்கோடு ஒரு மழைக்காலம் நின்ற பெட்ரோலில் அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கலாம். பழையதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி, ஃபில்ட்டர் மாற்றி, பேட்டரி மாற்றி, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டுங்கள். 020, 032 இரண்டும் ஒழுங்காக இருந்தால் இரண்டாம் வாரம் ஏற்றலாம். துபாய் திரும்பும் முன் டேங்கை நிரப்பி வையுங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரமும் குறையும்.

கணினிப் பெட்டி எங்கே இருக்கிறது? மழை அதை என்ன செய்யும்?

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்துக்கு இது ரொம்ப முக்கியம். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கைகள் நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்கிறது. கண்ணாடியில் விழும் மழை அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாக வெளியே போகும். இன்ஜின் கணினி உட்கார்ந்திருப்பது அந்தத் தொட்டிக்குள்ளேதான்.

மற்ற ஊர்களுக்கு ஒரு மழைக்காலம் என்றால் நமக்கு இரண்டு. ஜூனில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. வண்டியை மாமரத்தடியிலோ ரப்பர் தோட்டத்து ஓரத்திலோ நிறுத்துகிறவர்கள் ஒரு முறை அந்த மூடியைத் திறந்து பாருங்கள். நான் ஐந்து வருஷம் திறக்காமல் விட்டது என் தவறு. ஒரு நாள் மழைக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. வைப்பர் நட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே இலை மக்கி, தேயிலைத் தூள் போலக் கறுத்து, இரண்டு வடிகாலையும் அடைத்திருந்தது. தண்ணீர் நாலு விரல் உயரத்துக்கு நின்றது. கணினியின் இரண்டு கப்ளர்களையும் உருவினால் 121 பின்களில் ஓரத்து வரிசையில் ஏழெட்டு பச்சைப் பூத்திருந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல் தேய்க்கும் மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் துலக்க ஒரு பகல் போயிற்று. பெட்டி தப்பியது.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரத்தில் இருப்பவர்கள் எர்த் ஒயர்களையும் பாருங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் தடித்த ஒயரின் நுனியில் உப்புப் பூத்திருந்தால், சென்சார் எண்கள் எல்லாமே கொஞ்சம் பொய் சொல்லும். பொய் எண்ணை வைத்து எந்த ட்யூனரும் நல்ல மேப் எழுத முடியாது.

சிப்புக்கு முன்னால் வேறு என்னென்ன சரி செய்ய வேண்டும்?

சிப் புதிய கோளாறை உண்டாக்குவது குறைவு. ஏற்கெனவே இருக்கும் கோளாறைத் தேடிப்பிடித்துப் பெரிதாக்குவதுதான் அதிகம். இருபது வருஷ வண்டியில் ரப்பர் ஹோஸ் எல்லாம் முறுக்கு மாதிரி ஆகியிருக்கும். முதலில் காற்றுக் கசிவு. டர்போ உள்ளிழுக்கும் குழாயின் வாயை ஒரு பி.வி.சி. மூடியால் அடைத்து, அதில் பழைய சைக்கிள் டியூபின் வால்வை வைத்து, பம்பால் மெதுவாக அரை பார் அடியுங்கள். சோப்புத் தண்ணீரை எல்லா இணைப்பிலும் தெளியுங்கள். எங்கே நுரை பொங்குகிறதோ அங்கே கசிவு. முதல் முறை செய்தபோது என் வண்டியில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு காற்றோட்டக் குழாய் நுரை கக்கியது. கையை வைத்தால் மாவு மாதிரி உதிர்ந்தது.

அடுத்து டைவர்ட்டர் வால்வு. கியர் மாற்றும்போது அடைபட்ட காற்றைத் திருப்பி அனுப்புவது அதுதான். உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்தால் பூஸ்ட் நழுவும், டர்போ வேகம் கூட்டிச் சுற்றி ஈடுகட்டப் பார்த்துத் தேயும். தொகுதி 115இல் கணினி கேட்ட பூஸ்ட்டும் கிடைத்த பூஸ்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் சேர்ந்தே போக வேண்டும்.

காற்றளவு சென்சாருக்கு ஒரு எளிய கணக்கு. முழுசாக மிதிக்கும்போது உச்சத்தில் விநாடிக்கு எத்தனை கிராம் காட்டுகிறது என்று பார்த்து, அதை 0.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ குதிரைத்திறன். கம்பெனி நிலையில் 120 கிராம் வந்தால் 150. வெறும் 95 வந்தால் சென்சார் போய்விட்டது, அல்லது காற்று வேறு வழியில் போகிறது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்ட்டர் போட்டிருந்தால் அந்த எண்ணெய் சென்சாரின் மெல்லிய தகட்டில் படிந்திருக்கும். சாதாரணக் காகித ஃபில்ட்டரே போதும்.

பிளக் புதிதாகப் போடுங்கள். சிப் ஏற்றினால் ஒரு படி குளிர்ந்த ரகம், இடைவெளி 0.7 மி.மீ. காயில்கள் நான்கையும் சோதியுங்கள். கம்ப்ரெஷன் பார்த்து, சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் 3 பாருக்கு மேல் போனால் சிப் காசை இன்ஜினுக்குச் செலவிடுங்கள்.

எவ்வளவு சக்தி ஏறும்?

இந்தியாவில் விற்ற ஆர்.எஸ்.ஸில் 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர். மற்ற பாகம் எதையும் மாற்றாமல், நல்ல ஃபைல் ஒன்று 180ஐ ஒட்டிக் கொண்டுபோகும். இழுவை 260, 270 பக்கம் வரும். உண்மையில் ஓட்டும்போது தெரிவது இந்த இழுவைதான். பழைய கிளட்ச் அப்போது வழுக்க ஆரம்பிக்கும். நாலாவது கியரில் மிதிக்கும்போது சுழற்சி ஏறி வேகம் ஏறாவிட்டால் அதுதான்.

இதே சின்ன டர்போவில் 220, 230 என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் இதே ஆர்.எஸ். 180 குதிரைத்திறன். அந்த ஒரிஜினல் ஃபைலை அப்படியே ஏற்றலாமே?

கூடாது. அந்த 180, வேறு டர்போவும் வேறு பாகங்களும் சேர்ந்து கொடுப்பது. அந்த ஃபைல் தன் டர்போ எவ்வளவு காற்றுத் தரும் என்று எண்ணியிருக்கிறதோ அது உங்கள் வண்டியில் இல்லை. உங்கள் கணினியின் மேல் 06ஏ 906 032 என்று தொடங்கி இரண்டு எழுத்தில் முடியும் ஒரு எண் ஒட்டியிருக்கும். அந்தக் கடைசி எழுத்துகள் உட்பட எண் பொருந்தும் மூல ஃபைலிலிருந்து தொடங்கித்தான் ட்யூனர் எழுத வேண்டும்.

வேறு வண்டியின் கணினியை முழுதாக வாங்கி மாட்டினால்?

ஸ்டார்ட் ஆகி ஒரு விநாடியில் நின்றுவிடும். சாவி அடையாளம் ஒரு தனிச் சின்ன நினைவகத்தில் இருக்கிறது. அதைப் பொருத்தத் தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஏற்றும்போது எது தவறாகப் போகும்?

பேட்டரி. ஏறிக்கொண்டிருக்கும் நடுவில் வோல்ட் இறங்கினால் பாதி பழையது பாதி புதியது என்று கணினி ஊமையாகிவிடும். விளக்கு, ஃபேன், ரேடியோ எல்லாம் அணைத்து, சார்ஜர் இணைத்துத்தான் தொடங்க வேண்டும். சார்ஜர் இல்லாமல் "ரெண்டு நிமிஷம்தான் சார்" என்கிறவரைத் தடுத்து நிறுத்துங்கள். அப்படியே ஊமையானாலும் பெட்டியைத் திறந்து, சிப்பின் 24ஆவது காலை எர்த்தோடு தொட்டு உயிர்ப்பிக்கும் வழி உண்டு. ஆனால் அது தெரிந்த கை வேண்டும்.

ஏற்றும் முன் உங்கள் மூல ஃபைலை முழுதாகப் படித்து எடுத்து, ஒரு பென்டிரைவில் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். அது உங்கள் சொத்து. நான் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் வைத்திருக்கிறேன். அந்த முதல் ஃபைலை அழித்துவிட்டு ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி நிலைக்குத் திரும்ப எனக்கு உதவியது அதுதான்.

ஸ்கேனர் செருகும் ஓபிடி சாக்கெட்டில் செருகினாலே சக்தி கூடும் என்று ஒரு சின்ன பிளக் நானூறு ரூபாய்க்கு வருகிறதே?

வாங்காதீர்கள். ஒன்றைப் பிளந்து பார்த்தேன். உள்ளே மின்சாரம் வரும் காலில் மட்டும் இணைப்பு, இரண்டு எல்.இ.டி., விளக்கை மினுக்க ஒரு சின்ன சிப். கணினியோடு பேசும் ஒயரே இல்லை.

நம் ஊர் வெயிலில் சிப் அதே மாதிரி வேலை செய்யுமா?

குறையும். 15 டிகிரிக் காற்றைவிட 35 டிகிரிக் காற்றில் அடர்த்தி 6 சதவீதத்துக்கு மேல் குறைவு. அதோடு டர்போ அனுப்பும் காற்றைக் குளிர வைக்கும் இண்டர்கூலர் இந்த வண்டியில் சின்னது, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கி நிற்பது. மார்த்தாண்டம் ஜங்ஷனில் பத்து நிமிஷம் பஸ்களுக்குப் பின்னால் ஊர்ந்தால் அது அடுப்பு மாதிரி சுட்டுப்போகும். மேம்பாலம் ஏறியதும் மிதித்தால் முதல் சில விநாடி சுடு காற்றைத்தான் இன்ஜின் குடிக்கிறது. நாக்கிங் வர மிகவும் வாய்ப்பான நேரம் அது. ஒரு கிலோமீட்டர் பைய ஓட்டி, காற்று ஓடி ஆறிய பிறகு மிதியுங்கள். ட்யூனரிடம் காற்றுச் சூட்டுக்கு ஏற்றபடி டைமிங்கைக் குறைக்கும் அட்டவணையைத் தொடாமல் விடச் சொல்லுங்கள். டைனோவில் (சக்தியை அளக்கும் இயந்திரத்தில்) எண் அழகாக வர வேண்டும் என்று சிலர் அதைத்தான் முதலில் அழிக்கிறார்கள்.

சட்டப்படி சரியா?

நன்றாக யோசித்துச் செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் சக்தியை ஏற்றினால் விபத்து நேரத்தில் க்ளெய்ம் சிக்கலாகும். பதினைந்து வருஷம் தாண்டிய நம் வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். புகைச் சோதனையும் உண்டு. புதுப்பிக்கப் போகும்போது வண்டி ஸ்டாக் ஃபைலில் இருக்க வேண்டும். முழு ஆசையையும் தீர்க்க நினைப்பவர்கள் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நாள் பார்த்துப் போகலாம். காவல்கிணறு தாண்டிய நான்குவழிச் சாலை அதற்கு இடமல்ல, ஆடும் மாடும் குறுக்கே வரும் சாலை அது.

டீசல் ஸ்கார்பியோ, இன்னோவாவுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

ஆக்டேன் பேச்சு பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது புகையும் எக்ஸாஸ்ட் சூடும். அது வேறு கதை, எனக்குக் கைப்பழக்கம் உள்ள வண்டிகளும் அவை அல்ல.

போட்ட பிறகு எப்படிப் பராமரிப்பது?

வோக்ஸ்வாகன் 502 00 தர 5டபிள்யூ-40 முழு சிந்தெட்டிக் ஆயில், 7,500 கிலோமீட்டருக்கு ஒரு முறை. டர்போவின் தண்டு நிற்பது ஆயில் படலத்தின் மேல். காலையில் முதல் ஐந்து கிலோமீட்டர் மிதிக்க வேண்டாம். வேகமாக ஓட்டி வந்தால் கடைசி இரண்டு கிலோமீட்டர் மெதுவாக வந்து அணையுங்கள். மாதம் ஒரு முறை 020ஐப் பாருங்கள், பங்க் மாற்றினால் உடனே பாருங்கள்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன ஃபைல்?

95க்கு எழுதியது. உச்சப் பூஸ்ட் 0.8 பார், மேல் சுழற்சியில் இன்னும் இறங்கும். காற்றளவுக் கணக்கில் 172 குதிரைத்திறன் வருகிறது. அதே ட்யூனர் 185 தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். போன வாரம் வடசேரி பங்கில் சாதாரண இ20 ஊற்றி, வெள்ளமடத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை மூன்றாவது கியரில் பார்த்தேன். முதல் சிலிண்டர் 0, இரண்டாவது 2.3, மூன்றாவது 3, நாலாவது 0.